தளை தட்டிய இடம்

மூத்த மருமகளைப் போன வார அத்தியாயத்தில் அச்சகத்தின் பிழைதிருத்தும் மேசையில், தேநீரை ஆறவிட்டுக் கைப்பேசியை முறைத்தபடி உட்கார வைத்துவிட்டு வந்தோம். ஏழு நாளாக அந்தத் தேநீர் அப்படியே இருக்கிறது. பாவம், குடிக்க விட்டோமா நாம்?

கைப்பேசியில் இருப்பது நாலு வரி. எழுதியவர் அவள் மாமியார். முப்பது வருடம் இதே அச்சகத்தில், இதே மேசையில், சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்தவர். இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்துக் கிடந்த இந்த வெண்பாவைப் பெரியவன் கண்டெடுத்தான். நாளைக் காலை நினைவுக் கல் நட வேண்டும். பாட்டு இன்றைக்கே கல்லில் ஏறியாக வேண்டும்.

"எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாரு" என்று, பாட்டைத் தானே கைப்பேசியில் தட்டி மனைவிக்கு அனுப்பியிருந்தான்.

பிழைதிருத்தி வாழ்ந்தேன் பிறரெழுத்தில், என்றன்
பிழைபொறுக்கப் பெற்றெடுத்தேன் இருவரை, மூச்சின்
இழையறுந்து போனாலும் என்குரல் கேட்கும்
அழைத்துநீங்கள் பேசுகின்ற போது.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'இருவரை' என்ற சொல்லில் அவள் விரல் நின்றுவிட்டது. ஏனென்றால் மாமியார் பெற்றது மூன்று பேரை.

பெரியவன், கண்ணாடிக் கடையில் பார்வை அளவு எடுப்பவன். நடுவன், கப்பலில் இருப்பவன். மூன்றாவது, சின்னவள். பெரியவன் பார்த்து முடித்த கல்யாணத்தை ஏழே மாதத்தில் உதறிவிட்டு வந்து, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். "இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியவன் சொன்னான். அவளும் ஏறவில்லை. அம்மாவின் கடைசி நாளில்கூட வரவில்லை.

அந்தச் சின்னவளைத்தான் இப்போது கணக்கிலிருந்தே எடுத்திருக்கிறது பாட்டு. கல்லில் வெட்டிவிட்டால் அப்புறம் எந்தச் சிவப்புப் பேனாவாலும் திருத்த முடியாது.

மருமகள் பாட்டை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது வரியில் நாக்கு இடறியது. மறுபடி படித்தாள். அதே இடத்தில் மறுபடி இடறியது.

"என்னக்கா, சொந்தச் சரக்கா?" என்றார் எதிர்மேசையில் பக்கம் கட்டுபவர்.

"இல்ல. கொஞ்சம் சும்மா இருங்க."

கழித்துப் போட்ட ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, சீர் சீராகப் பிரித்து எழுதினாள்.

தேமா, புளிமா என்று உருப்போட்டுப் பரீட்சை முடிந்ததும் மறந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். வெண்பா பிடிவாதக்காரி. காயில் முடிகிற சீரை அடுத்து வரும் சீர், நேரசையில்தான் தொடங்க வேண்டும். 'பெற்-றெடுத்-தேன்' கூவிளங்காய். அடுத்து வரும் 'இரு-வரை' நிரையில் தொடங்குகிறது. அங்கே சீரும் சீரும் சேரும் கட்டு, அதாவது தளை, தட்டுகிறது. பதினைந்து சீர், பதினான்கு சந்திப்பு. மற்ற பதின்மூன்றும் பளிங்கு மாதிரி இருக்க, இந்த ஓர் இடத்தில் மட்டும் கல் தடுக்குகிறது.

மாமியாருக்குத் தளை தட்டாது. பால் கணக்கு எழுதும் அட்டையில்கூட வெண்பா எழுதி வைத்தவர். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நாலு வரி கிறுக்கிக்கொண்டு வந்தால், காதால் கேட்டே "மூணாவது சீர்" என்று விரல் நீட்டியவர்.

அவள் 'இருவரை'யை அடித்துவிட்டு 'மூவரை' என்று போட்டுப் பார்த்தாள். 'பெற்றெடுத்தேன் மூவரை, மூச்சின்.' தளையும் பொருந்தியது. 'மூ'வுக்கு 'மூ' மோனையும் வந்து உட்கார்ந்தது. பாட்டின் குணமே மாறிப்போனது. 'இருவரை' என்றால் நாலு வரியும் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு தாயின் கோபம். 'மூவரை' என்றால் அதே நாலு வரி ஒரு கெஞ்சல்: ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசுங்கள், அதில் என் குரல் கேட்கும்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். கணவனைக் கூப்பிட்டாள்.

"பிழை இருக்கா?" என்றான் எடுத்த எடுப்பில்.

"எழுத்துப் பிழை இல்லைங்க. தளை தட்டுது."

"என்ன தட்டுது?"

"தளை. ரெண்டாவது அடியில, பெற்றெடுத்தேன்னு காய்ல முடிஞ்சா..."

"இங்க ஒருத்தர் ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு எழுத்து படிச்சிட்டிருக்காரு. உன் இலக்கண வகுப்பைச் சாயங்காலம் வச்சுக்க."

"இருவரைங்கற சொல்லு அங்க வராதுங்க."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா கையெழுத்து. என் கண்ணால பார்த்துத்தான் அனுப்பினேன்."

"அந்தத் தாளை நான் பார்க்கணும்."

"கல்கடையில இருக்கு. அம்மா எழுத்துச் சாயல்லயே வெட்டச் சொல்லிக் குடுத்துட்டேன். இந்நேரம் உளி வச்சிருப்பாரு. விடு."

அவன் வைத்துவிட்டான். இவளாவது, விடுவதாவது! அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கல்கடைக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உளிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஓட்டமும் நடையுமாக நிறுத்தத்துக்கு வந்தாள்.

கல்கடைத் தெருவுக்கு இரண்டு தடத்தில் பேருந்து உண்டு. முதலில் வந்ததை விட்டுவிட்டு இரண்டாவதற்குக் காத்திருந்தாள். அதை ஓட்டுகிறவள் சின்னவள். இருவரும் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

முன்பக்கமாக ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் கண்ணாடியில் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணி, போர்டைப் படிங்க."

தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. 'தீ' உதிர்ந்துபோய் 'பேசார்' என்று நின்றது.

"படிச்சேன். ஒரு எழுத்து விழுந்திருக்கு" என்றாள் அண்ணி. பழக்கம் யாரை விட்டது?

சின்னவளின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"சிவப்பு விழுந்தாப் பேசறேன். வண்டி ஓடும்போது பேச மாட்டேன்."

முதல் சிவப்பு சந்தை முனையில் விழுந்தது.

"பாட்டு எனக்கும் வந்துச்சு. நடு அண்ணன் அனுப்பினான். இருவரைன்னு படிச்சேன். அதுக்கப்புறம் படிக்கல. அதைச் சொல்லத்தான் வந்தீங்கன்னா, தெரியும் அண்ணி. இறங்கிக்கங்க."

பச்சை விழுந்தது. அண்ணி வாயை மூடிக்கொண்டு அடுத்த விளக்கு வரை காத்திருந்தாள். இவ்வளவு நீளமான தெரு இந்த ஊரில் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது சிவப்பு.

"அந்த இடத்துல தளை தட்டுது. உங்கம்மா அதை அப்படி விட்டிருக்க மாட்டாங்க."

"கோபத்துல எழுதினாத் தட்டாதா?"

"உங்கம்மா கோபத்துல மேனேஜருக்கு எழுதின ராஜினாமாவை நான் பார்த்திருக்கேன். ஒரு சந்தி தப்பல."

பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. சின்னவள் கியரை மாற்றினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மூன்றாவது சிவப்பில் அவள் தானாகவே பேசினாள். சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்திருக்காங்க. எனக்குப் பத்தாம் நாள்தான் தெரியும். அதுவும் கப்பல்ல இருக்கறவன் சொல்லி. பத்து கிலோமீட்டர்ல இருக்கேன் நான். ஒருத்தரும் கூப்பிடல. நீங்களும்தான்."

"உங்க அண்ணன்தான் ஃபோன்..." என்று ஆரம்பித்த அண்ணி, பாதியில் நிறுத்தினாள்.

'மூணு தடவை கூப்பிட்டேன். எடுக்க மாட்டேங்கறா' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெரியவன் சொன்னது அவள் காதில் கேட்டது. மாமியார் அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் அதை நம்பினாள். தன் கைப்பேசியிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஃபோன் என்ன?" என்றாள் சின்னவள்.

பச்சை விழுந்தது. நிறுத்தமும் வந்துவிட்டது.

"இன்னிக்கு வேலை எப்ப முடியுது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணரைக்கு."

"முடிஞ்சதும் கல்கடைக்கு வா. பணிமனைக்குப் பின் தெருதானே."

"எதுக்கு?"

"உன்னை எண்ணியிருக்காங்களா இல்லையான்னு உன் கண்ணால பார்க்க."

கதவு மூடியது. வண்டி ஒரு நொடி தாமதித்துப் புறப்பட்டது.

கல்கடையில் வெள்ளைப் பொடி பறந்துகொண்டிருந்தது. கல்கடைக்காரர் முகத்துணியைக் கட்டிக்கொண்டு கல்லின் மேல் குனிந்திருந்தார். முதல் அடி முழுக்க வெட்டியாகிவிட்டது. இரண்டாம் அடியில் 'பெற்றெடுத்தேன்' வரை முடிந்து, அடுத்த சொல்லைச் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்திருந்தார். உளி 'இ'யின் தலைமாட்டில் இருந்தது.

"நிறுத்துங்க!" என்றாள் மருமகள். கடையே அதிர்ந்தது.

"ஏம்மா, கை வழுக்கினா யாரு பதில் சொல்றது? கல்லு பேப்பர் இல்லம்மா" என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"மன்னிச்சுக்கங்க. அந்தத் தாளைக் குடுங்க. ஒரு நிமிஷம்."

தாள் கண்ணாடிச் சில்லுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அவள் அதை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள்.

நீல மையில், மாமியாரின் நிமிர்ந்த எழுத்தில் வெண்பா. இரண்டாம் அடியில் 'மூவரை' என்றுதான் முதலில் எழுதியிருந்தார். அதன் மேல் கறுப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, கை நடுங்க எழுதிய 'இருவரை'. பெரியவன் பொய் சொல்லவில்லை. அம்மாவின் கைதான் அடித்திருக்கிறது.

அப்படியானால் சின்னவளை எதற்கு வரச் சொன்னோம் என்று பதறினாள்.

அப்புறம்தான் அதைப் பார்த்தாள். அடிக்கப்பட்ட 'மூவரை'க்குக் கீழே, வரிசையாக மூன்று சிவப்புப் புள்ளி.

"அது மை கசிஞ்சது போலிருக்கும்மா. நானும் பார்த்தேன்" என்றார் கல்கடைக்காரர்.

"இல்லைங்க" என்றாள். புள்ளிகளை மறுபடி எண்ணினாள்.

பிழைதிருத்துகிறவர்களுக்கு அது தினப்படிப் பாஷை. அடித்த சொல்லின் கீழே புள்ளி வைத்தால், அடித்தது செல்லாது, சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். அச்சகத்துக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு எடுக்கிற பெரியவனுக்கும் தெரியவில்லை.

'கல் வேலையை நிறுத்தியிருக்கிறேன், வாங்க' என்று செய்தி அனுப்பினாள். கால் மணியில் அவன் வந்து நின்றான். சட்டைப்பையில் அளவு பார்க்கும் சின்ன விளக்கு அப்படியே இருந்தது.

"ஊர் சிரிக்க வைக்காம விட மாட்டியா நீ?"

அவள் தாளைக் காட்டினாள். புள்ளிக்கு அர்த்தம் சொன்னாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"சிவப்புப் பேனா யாருகிட்ட இருக்கு இந்த வீட்டுல?"

"என்ன சொல்றீங்க?"

"இந்தப் பாஷை தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தங்க போயிட்டாங்க. இந்தப் புள்ளி நீ வச்சதா?"

பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் அவன் அவளைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கல்கடைக்காரர் நாசூக்காக உளியைத் துடைக்கப் போய்விட்டார்.

"ஆஸ்பத்திரியில எட்டாம் நாள் அத்தை என் பையிலேருந்து சிவப்புப் பேனா கேட்டாங்க. குடுத்தேன். மறுநாள் தலையணைக்கு அடியில இருந்துச்சு. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். "நம்ப வேண்டாம். புள்ளியை நான் வச்சிருக்கலாம். தளையை நானா தட்ட வச்சேன்? கோபத்துல இருவரைன்னு எழுதினாங்க. சரி. அப்படியே விடறதா இருந்தா, முன்னாடி இருக்கற சொல்லை மாத்தித் தளையைச் சரி பண்ணியிருப்பாங்க. அவங்களுக்கு அரை நிமிஷ வேலை. பண்ணல. ஏன்னா விடப் போறதில்ல."

அவன் மறுபடி தாளைப் பார்த்தான்.

"இன்னொண்ணு கேளுங்க. அத்தை எப்பவும் நேரிசை வெண்பாதான் எழுதுவாங்க. ரெண்டாவது அடியில கோடு போட்டுத் தனிச்சொல் வைப்பாங்க. இது ஒண்ணுதான் இன்னிசை. தனிச்சொல்லே இல்ல. ஒரு சொல்லைக்கூடத் தனியா நிறுத்த மனசு வராம எழுதின பாட்டுங்க இது."

"அவங்க அடிச்சாங்கல்ல?" என்றான், பிடித்த பிடியாக. "அது நிஜம்தானே?"

"ஏன் அடிச்சாங்க?"

கேட்டது அண்ணி அல்ல. வாசலில், சீருடையோடு, சின்னவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் பார்வை அவள் முகத்தில் நிற்காமல் கல்லுக்குப் போனது.

சின்னவள் உள்ளே வந்து தாளை வாங்கினாள். அம்மாவின் எழுத்தை விரலால் தொட்டாள். புள்ளிகளைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருந்தது. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, ஏன் அடிச்சாங்க?"

"கல்யாணத்தை விட்டுட்டு வந்தியே, அந்தக் கோபம்தான்."

"அந்தக் கோபம் இருக்கும்போதே மூவரைன்னுதானே எழுதியிருக்காங்க? அடிச்ச மை வேற, கையும் நடுங்கியிருக்கு. ஆஸ்பத்திரியில அடிச்சிருக்காங்க. அங்க என்ன நடந்துச்சு?"

அவன் மனைவியைப் பார்த்தான். காப்பாற்று என்ற பார்வை. அவளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பதின்மூன்று வருடமாக அதற்கு மசிந்தவள்தான். இன்றைக்கு மசியவில்லை.

"நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

வெளியே யாரோ கல் இறக்கும் சத்தம் கேட்டது. பெரியவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"உன்னைப் பார்க்கணும்னு அம்மா சொன்னாங்க. மூணு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கலன்னு சொல்லிட்டேன்."

"கூப்பிட்டியா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல." கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வந்து நின்னா, நான் செஞ்சு வச்ச கல்யாணம் தப்புன்னு எல்லாரும் என்னைப் பார்ப்பாங்கன்னு... அப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன். அம்மா அவ்வளவு சீக்கிரம் போவாங்கன்னு நினைக்கல."

சின்னவள் சத்தம் போடுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவள் போடவில்லை. தாளை மடிக்காமல், பார்த்துப் பார்த்துக் கண்ணாடிச் சில்லுக்கு அடியில் வைத்தாள்.

"நான் எடுக்கலன்னு நம்பிக்கிட்டேதான் அம்மா புள்ளி வச்சிருக்காங்க, இல்ல?" என்றாள் அண்ணியிடம்.

அண்ணி தலையை ஆட்டினாள்.

கடைசியில் பெரியவன்தான் கல்கடைக்காரரைக் கூப்பிட்டான். "மூவரைன்னு வெட்டிடுங்க" என்றான். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்கிற அவசரம் அவன் குரலில் இருந்தது.

"வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"என்னடீ இது? உனக்காகத்தானே?"

"தன் பிழையைப் பொறுக்கச் சொல்லித்தான் அம்மா பாடியிருக்காங்க, அண்ணா. அதை நான் எப்பவோ பொறுத்துட்டேன். இப்ப கல்லுல என்னைச் சேர்த்தா, உன் பிழையையும் பொறுத்துட்டேன்னு ஆயிடும். பொறுத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

"நாளைக்குக் காலையில கல்லு நடணும்."

"முதல் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சொல்றேன். மத்த சொல்லெல்லாம் வெட்டட்டும். அந்த ஒரு சீருக்கு மட்டும் இடம் விடச் சொல்லு."

அவள் வெளியேறினாள். வாசலில் நின்று, "அண்ணி, நீங்க வரீங்களா?" என்றாள். மருமகள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெரியவன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான்.

"புள்ளி நீ வச்சதான்னு கேட்டீங்களே" என்றாள் அவள். "அதுக்கு நீங்களும் காலையில ஒரு பதில் சொல்லுங்க."

இரண்டு பெண்களும் தெருவில் இறங்கினார்கள். கல்கடைக்காரர் ஈரத்துணியால் 'இருவரை'யை அழித்தார். 'பெற்றெடுத்தேன்' வெட்டி முடித்தபடி நின்றது. அதற்கு அடுத்து வெறும் கல்.

அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏன் சார், மூணு எழுத்துக்கு இடம் விடவா, நாலு எழுத்துக்கு விடவா?"

பெரியவன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.